வெள்ளிக்கிழமை ஏன் முழு பில்ட்?

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு எல்லோருடைய வேலையையும் நிறுத்திவிட்டு, எழுதிய ஃபைல்கள் எல்லாவற்றையும் சேர்த்து மென்பொருளை ஆரம்பத்திலிருந்து முழுதாகக் கட்டும், அதாவது 'பில்ட்' செய்யும் வழக்கம் நம் அலுவலகத்தில் இருக்கிறது. புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு அது பிடிக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். "மாறுன ஃபைல மட்டும் கட்டுனா அஞ்சு நிமிசத்துல முடியிற வேல, எதுக்கு இந்தக் கூத்து? கெழவர் எதுக்கோ பயந்து வச்சிட்டுப் போயிட்டாரு" என்று யாரோ டீக்கடையில் சொன்னீர்களாம். ஹட்டன் சின்ன ஊர். நீங்கள் டீயைக் குடித்து முடிக்குமுன் அந்தப் பேச்சு என் வீட்டுக்கு வந்துவிட்டது.

கோபமில்லை. கிழவர் என்றது மட்டும் கொஞ்சம் உறைத்தது. மற்றபடி நீங்கள் சொன்னது சரிதான், பயந்துதான் வைத்தேன். எதற்குப் பயந்தேன் என்பதை ஓய்வு பெற்ற அன்றே சொல்லியிருக்க வேண்டும். கழுத்தில் மாலையோடு நின்றபோது வாய் வரவில்லை. எழுதியாவது தருகிறேன்.

நம் மென்பொருள் உங்களுக்குத் தெரியும். தேயிலைத் தோட்டத்து மருந்துக்காம்பராக்களுக்கு, அந்தச் சின்ன ஆஸ்பத்திரிகளுக்கு எழுதியது. மருந்துக் கையிருப்பு, பிள்ளைகளின் தடுப்பூசி, கர்ப்பிணித் தாய்மாரின் கிளினிக் பட்டியல் என்று வருடக்கணக்காக வளர்ந்து, எத்தனை ஆயிரம் ஃபைல்கள் என்று எனக்கே தெரியாத அளவுக்குப் பெருத்துவிட்டது. அப்போதிருந்த கணினியில் அதை முழுதாகக் கட்ட ஐந்து மணி நேரம் பிடிக்கும்.

பெற்றோலுக்கும் காஸுக்கும் நாடே வரிசையில் நின்ற காலம் அது. கரண்டை முறை வைத்து வெட்டினார்கள். காலையில் கொஞ்சம், மத்தியானம் கொஞ்சம். தொடர்ந்து ஐந்து மணி நேரம் கரண்ட் கிடைத்த நாளே இல்லை. மூன்றரை மணி நேரம் ஓடிய பில்ட் கண்ணெதிரில் செத்துப்போவதை நாலைந்து தடவை பார்த்த பிறகு, நான் ஒரு சின்ன நிரலை எழுதினேன். ஒவ்வொரு ஃபைலும் கடைசியாக எப்போது சேமிக்கப்பட்டது என்று அது பார்க்கும். ஏற்கனவே கட்டி வைத்த துண்டைவிட ஃபைல் பிந்தியது என்றால், அந்தத் துண்டை மட்டும் திரும்பக் கட்டும். முந்தியது என்றால் தொடாமல் விட்டுவிடும். ஐந்து மணி நேர வேலை கால் மணி நேரத்தில் முடிந்தது. அலுவலகத்தில் எட்டுப் பேரும் கை தட்டினார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

அந்த எட்டுப் பேரில் ஒருத்தி தர்ஷினி. றொசல்லப் பக்கம் ஒரு தோட்டத்துப் பிள்ளை. அவளுடைய லயத்திலிருந்து, அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, கணினி வேலைக்கு வந்த முதல் ஆள். அதிகம் பேச மாட்டாள். பேசினால் வேலையைப் பற்றித்தான் பேசுவாள். தாய்மார் பட்டியல் அவள் பொறுப்பில் இருந்தது.

ஒரு திங்கட்கிழமை அவள் வந்து சொன்னாள்.

"சேர், எங்க டிவிசன்ல ரெண்டு செல்வராணி இருக்காங்க. ஒருத்தவங்க நாலாம் நம்பர் லயம், இன்னொருத்தவங்க ஏழாம் நம்பர். ரெண்டு பேரும் மாசமா இருக்காங்க. நம்ம சிஸ்டம் ரெண்டு பேரையும் ஒரே ஆளுன்னு எடுத்துக்குது. நாலாம் நம்பர் அக்கா பேரு லிஸ்ட்டுல வரல."

"ஐடென்டி கார்டு நம்பர் இருக்குமே?"

"நாலாம் நம்பர் அக்காகிட்ட ஐடென்டி கார்டே இல்லங்க சேர்."

பட்டியலில் பெயர் வராவிட்டால் என்ன ஆகும் என்று தோட்டம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கிளினிக் நாளன்று அந்தப் பட்டியல் மலைக்குப் போகும். பெயர் இருக்கிற பெண்களைக் கங்காணி கொழுந்து எடுப்பதிலிருந்து விட்டுவிடுவார். பெயர் இல்லாதவள் கூடையோடு மலையிலேயே நிற்பாள். நாலாம் நம்பர் செல்வராணி அந்த மாதம் அப்படித்தான் நின்றிருக்கிறாள்.

"லயத்து நம்பரையும் சேத்துப் பாக்குற மாதிரி மாத்திர்றேன் சேர். அந்த அக்காகிட்டயும் சொல்லிட்டேன், அடுத்த தடவ ஒங்க பேரு வரும்னு."

"நல்லது, செய்" என்றேன்.

செய்தாள். அப்போது அவள் உட்கார்ந்திருந்தது ஜன்னலோரத்துப் பழைய கணினியில். கரண்ட் போய்ப் போய் வந்ததில் எங்கள் நெட்வேர்க் பெட்டி எரிந்துபோயிருந்தது, புதியது வாங்கக் கிடைக்கவில்லை. ஆகவே எல்லோரும் தங்கள் ஃபைலைப் பென் டிரைவில் கொண்டுவந்து தருவார்கள், நான் பெரிய கணினியில் போட்டு பில்ட் ஓடவிடுவேன். தர்ஷினியும் தந்தாள். போட்டேன், ஓடவிட்டேன், முடிந்தது. புதிய பதிப்பு தோட்டங்களுக்குப் போனது.

அடுத்த கிளினிக் முடிந்து சில நாளில், காலை ஒன்பதரைக்கு அந்தத் தோட்டத்தில் பிரசவம் பார்க்கும் மருத்துவமாது தொலைபேசியில் அழைத்தார். செல்வராணியின் பெயர் மறுபடியும் பட்டியலில் இல்லை. அவள் மறுபடியும் மலையில் நின்றிருக்கிறாள். தற்செயலாக லயத்துப் பக்கம் போன மருத்துவமாது அவளுடைய கால் வீங்கியிருப்பதைப் பார்த்து, பிரஷர் பார்த்து, பயந்துபோய் அப்போதே கொழுந்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார். வெட்டித்தான் பிள்ளையை எடுத்தார்கள். பிள்ளை மாதம் நிறையாத பிள்ளை. தாயும் பிள்ளையும் தப்பிவிட்டார்கள் என்பதைக் கடைசியாகத்தான் சொன்னார்.

அன்று பிற்பகல்தான் தோட்டக் கம்பெனி அதிகாரிகள் வந்து, நம் மென்பொருளை எல்லாத் தோட்டங்களிலும் போடுவதா இல்லையா என்று முடிவு செய்ய இருந்தார்கள். பத்தரைக்குக் கரண்ட் போகும். எனக்கு இருந்தது ஒரு மணி நேரம். அதை நான் எப்படிச் செலவழித்தேன் என்பதுதான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது.

பில்ட் பதிவைத் திறந்து பார்த்தேன். 'தாய்மார் பட்டியல்: மாற்றமில்லை' என்று இருந்தது. ஃபைலின் தேதியைப் பார்த்தேன். பழைய தேதி. தர்ஷினியை எல்லோருக்கும் முன்னால் கூப்பிட்டேன்.

"மாத்திட்டேன்னு சொன்னியே, எங்க?"

"மாத்துனேன் சேர்."

"இங்க பாரு. ஃபைலோட தேதியைப் பாரு. இதுல கைய வச்சு எவ்வளவு காலமாச்சுன்னு கம்ப்யூட்டரே சொல்லுது. இது பொய் சொல்லுமா?"

திரையைப் பார்த்தாள். முகம் வெளிறிப்போனது. "இல்லங்க சேர், நான் மாத்துனேன். தெறந்து பாருங்க சேர்."

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. பெரிய கணினி மட்டும் பேட்டரிப் பெட்டியில் ஓடிக்கொண்டிருந்தது, பெட்டி கத்தத் தொடங்கியது. பத்து நிமிடம் தாங்கும். ஒரு ஃபைலைத் திறக்க அரை நிமிடம் போதும். நான் திறக்கவில்லை.

"ஒரு தாயும் புள்ளையும் சாகப் பாத்துச்சு. இப்ப வந்து தெறந்து பாருங்கன்னு கத சொல்றியா? செய்யலன்னா செய்யலன்னு சொல்லு."

"முழுசா ஒருக்கா கட்டிப் பாப்பமா சேர்?" என்று மெதுவாகக் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பல்ல. "ஒனக்காக அஞ்சு மணி நேரம் கரண்ட் குடுக்கச் சொல்லி எழுதிப் போடவா?" என்றேன். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். கணினியை நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றேன். திரும்பி வந்தபோது அவளுடைய குடையும் பையும் இல்லை.

கரண்ட் வந்த பிறகாவது திறந்து பார்த்திருக்கலாம். கோபத்தில் இருக்கிறவனுக்கு, தான் சரி என்பதைத் தவிர வேறு எதையும் பார்க்கத் தோன்றாது. அவளுடைய ஃபைலைத் தொடக்கூட எனக்கு மனமில்லை. பட்டியலை அச்சடிக்கும் ஃபைல் வேறு, அது என்னுடையது. அதற்குள்ளேயே லயத்து நம்பரைச் சேர்த்துப் பார்த்து, பெயருக்குப் பக்கத்தில் அதையும் அச்சடிக்கும்படி அவசர அவசரமாக எழுதி, கட்டி, அதிகாரிகள் வரும்போது இரண்டு செல்வராணிகளையும் தனித்தனியாகக் காட்டினேன். அவர்களுக்குத் திருப்தி. தர்ஷினி மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த வாரம் தபாலில் ஒரு கடிதம் வந்தது. சொந்தக் காரணத்தால் வேலையிலிருந்து விலகுவதாக நாலு வரி.

ஒரு மாதம் போனது. மின்வெட்டு குறைந்தது. புதிய கணினி வந்தது. அதில் எதுவும் கட்டி வைக்கப்படவில்லை என்பதால், பல மாதங்களுக்குப் பிறகு முதல்தடவையாக எல்லாவற்றையும் முழுதாகக் கட்ட வேண்டி வந்தது. கட்டினோம், அனுப்பினோம். இரண்டாம் நாள் அதே மருத்துவமாது அழைத்தார்.

"என்ன சேர், எல்லாப் பேருக்கும் பக்கத்துல லயத்து நம்பர ரெண்டு தடவ போட்டு அனுப்பியிருக்கீங்க. 'நாலாம் லயம், நாலாம் லயம்'னு. எங்களுக்கு ஒருக்கா சொன்னா வெளங்காதா?"

நான் சிரித்தேன். ரிசீவரை வைத்த பிறகுதான் யோசித்தேன். நான் ஒரு தடவைதான் எழுதினேன். இன்னொரு தடவை எழுதியது யார்?

தர்ஷினியின் ஃபைலை அன்றுதான் திறந்தேன். அவளும் பெயரோடு லயத்து நம்பரைச் சேர்த்திருந்தாள்; சுத்தமாக, என்னுடையதைவிட அழகாக எழுதியிருந்தாள். மேலே ஒரு குறிப்பு, ஆங்கில எழுத்தில் தமிழ்: 'ரெண்டு செல்வராணி இருக்காங்க. பேரு ஒண்ணு, ஆளு ரெண்டு. லயத்து நம்பரையும் பாக்கணும்.'

எழுந்து போய் ஜன்னலோரத்துப் பழைய கணினியைப் போட்டேன். அதற்குள் காசளவில் ஒரு பேட்டரி இருக்கும், கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓடவைப்பது அதுதான். அது செத்துப்போயிருந்தது. ஒவ்வொரு தடவை கரண்ட் போய் வரும்போதும் அந்தக் கணினி பல வருடம் பின்னால் போய் நின்றது. நெட்வேர்க் இல்லாததால் சரியான நேரத்தை அதற்குச் சொல்லவும் யாருமில்லை. அதில் சேமித்த ஃபைலுக்குப் பழைய தேதி விழுந்தது. பழைய தேதியைப் பார்த்த என் கெட்டிக்கார நிரல், மாற்றமில்லை என்று விட்டுவிட்டது. பென் டிரைவிலிருந்து போடும்போது, புதியதன் மேல் பழையதைப் போடவா என்று பெரிய கணினி கேட்டிருக்கும். ஆம் என்று நானேதான் அழுத்தியிருப்பேன். அது கேட்கிற கேள்வியை எல்லாம் யார் வாசிக்கிறார்கள்?

நான் அவளுக்குத் திரையில் காட்டிய அந்தத் தேதியில் இந்த நிறுவனமே தொடங்கவில்லை. அவள் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்போ என்னவோ படித்துக்கொண்டிருந்திருப்பாள். அதைக்கூட நான் யோசிக்கவில்லை. இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அந்த ஃபைலைத் தருவதற்கு இரண்டு வாரம் முன்னால் அவளே வந்து, "சேர், இந்த மெசின்ல தேதி பின்னால போகுது, ஒவ்வொரு தடவையும் நான்தான் திருத்திக்கிட்டு இருக்கேன்" என்று சொன்னாள். "நல்லதுதானே, ஒனக்கு வயசு குறையும்" என்று நான் கேலி செய்து அனுப்பினேன். திருத்திய பிறகு இன்னொரு தடவை கரண்ட் போய் வந்ததை அவள் கவனித்திருக்க மாட்டாள். ஹட்டன் கடைவீதியில் எந்தக் கடிகாரக் கடையிலும் அந்தப் பேட்டரி கிடைக்கும்.

இதுவரை சொன்னது தவறு. தவறு எல்லோருக்கும் வரும். இனிமேல் சொல்லப்போவதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

லயத்து நம்பர் இரண்டு தடவை வராமலிருக்க, இரண்டில் ஒருவர் எழுதியதை எடுக்க வேண்டும். என்னுடையதை எடுத்தால் ஏன் என்று கேட்பார்கள், எல்லாவற்றையும் சொல்ல வேண்டி வரும். நான் அவளுடைய வரிகளை அழித்தேன். குறிப்பையும் சேர்த்து. அழித்துவிட்டுப் போய்ச் சாப்பிட்டேன். ஒன்றரை மாதம் யாரிடமும் மூச்சு விடவில்லை.

பிறகு ஒரு புதன்கிழமை, வெளியிலிருந்து வந்தவர்களுக்கு நம் மென்பொருளைக் காட்டும்போது, முதலாளி என் தோளில் கை போட்டு, "ஒரே பேருல ரெண்டு தாய்மார் இருந்தாலும் நம்ம சிஸ்டம் பிடிச்சிரும். இவரோட மூளை அது" என்றார். வந்தவர்கள் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். நானும் தலையாட்டினேன். என் அப்பா தோட்டத்து ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். செய்யாத ஒன்றைச் செய்ததாக அவர்மேல் பழி போட்டு, துரை வேலையிலிருந்து நிறுத்தியதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அன்று வீட்டுக்குப் போகிற வழியில் அது ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு எல்லோரையும் வேலையை நிறுத்தச் சொன்னேன். நடந்ததை, அழித்தது உட்பட, சொன்னேன். பழைய பிரதியிலிருந்து தர்ஷினியின் வரிகளை எடுத்துத் திரும்பப் போட்டேன். என்னுடையதை எடுத்தேன். பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து கட்டினோம். உங்கள் வெள்ளிக்கிழமைக் கூத்து அன்றுதான் ஆரம்பித்தது. அந்த ஃபைலைத் திறந்தால் அவளுடைய குறிப்பு இன்றும் மேலேயே இருக்கும். தயவுசெய்து அழகுபடுத்துகிறேன் என்று அதில் கை வைக்காதீர்கள்.

மறுநாள் ரயிலேறி றொசல்லயில் இறங்கினேன். தர்ஷினி தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். தாய்மார் கொழுந்து எடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம். இடுப்பில் ஒரு பிள்ளையோடு வெளியே வந்தாள். "வாங்க சேர்" என்று பெஞ்சைத் துடைத்துப் போட்டாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். பேட்டரி, தேதி, நான் அழித்தது. முடித்த பிறகு அவள் கேட்டாள்.

"அப்ப நான் சேவ் பண்ணியிருந்தேனா சேர்?"

"பண்ணியிருந்தே."

"நானே நம்பிட்டேன் சேர். தேதியத் திருத்திட்டுத்தான் வேல செஞ்சேன், அப்படியும் நீங்க அந்தப் பழைய தேதிய காட்டுனதும், நாந்தான் சேவ் பண்ணாம விட்டுட்டேன்னு நெனச்சேன். வேற என்ன நெனைக்கிறது? கம்ப்யூட்டரே சொல்லுதே."

அவள் கோபித்துக்கொண்டு போனாள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கோபித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"திரும்ப வா" என்றேன். "எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன். ஒன் எடம் அப்படியே இருக்கு."

தலையை ஆட்டினாள். "வேணாங்க சேர். இப்பல்லாம் எதச் செஞ்சாலும் செஞ்சேனா இல்லையான்னு ரெண்டு தடவ பாக்குறேன். இந்தப் பிள்ளைங்கள எண்ணும்போதுகூட. இந்த மனசோட அந்த வேலைக்கு வரக் கூடாது." இடுப்பிலிருந்த பிள்ளையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "ஒரு ஒதவி செய்யிறீங்களா? நாலாம் நம்பர் லயத்துல செல்வராணி அக்கா இருக்காங்க. ஒங்க பேரு வரும்னு அவங்ககிட்ட சொன்னது நான்தான். அதுலருந்து அந்தப் பக்கம் நான் போறதே இல்ல. அவங்ககிட்ட நீங்க சொல்லுங்க சேர்."

போனேன். லயத்து வாசலில் செல்வராணி பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். மெலிந்த பிள்ளை, நல்ல குரல். நான் யார் என்று சொன்னேன். தர்ஷினி அந்த வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தாள், பிழை எங்களுடையது என்று சொன்னேன்.

"அது தெரியும்ங்க" என்றாள், பிள்ளையைத் துவட்டிக்கொண்டே. "அந்தப் புள்ள செஞ்சேன்னா செஞ்சிருக்கும். கம்ப்யூட்டர்லதான் ஏதோ கோளாறுன்னு நாங்க பேசிக்கிட்டோம். அந்தப் புள்ளதான் ஏனோ இந்தப் பக்கமே வர்றதில்ல." பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "ஏங்க சேர், நீங்க அதுகிட்ட கேக்கலயா?"

"கேட்டேன்."

"என்ன சொல்லிச்சு?"

"செஞ்சேன்னுதான் சொல்லிச்சு."

"அப்புறம்?" என்றாள்.

பதில் வருமென்று அவள் காத்திருந்தாள். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு நான் கிளம்பினேன். ரயிலுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.